இருபது ரூபாய்: செல்வத்தை அளந்த கணக்குகளும் செல்வம் என்னும் கருத்தும்

முன்னுரை

செல்வம் என்பது யாது, செல்வர் எனத்தக்கோர் யாவர் என்னும் வினாக்கள் நெடுங்காலம் அறநூல்களுக்கு உரியனவாகவே கருதப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வினாக்கள் கணக்கேட்டுக்குள்ளும் நுழைந்தன. ஒரு நாட்டில் ஓராண்டில் விளைவது எவ்வளவு, அது தலைக்கு எவ்வளவு, அதனைக் கொண்டு ஒருவன் உண்டு உடுத்தி வாழ இயலுமா என்று எண்களால் கேட்கும் வழக்கம் இந்தியாவில் அக்காலத்தில்தான் உருப்பெற்றது. அவ்வழக்கத்தைத் தொடங்கிவைத்தவருள் முதன்மையானவர் தாதாபாய் நௌரோஜி (1825–1917). அவர் கண்ட விடை ஆண்டொன்றுக்குத் தலைக்கு 20 ரூபாய் என்பதாகும்.

இன்று உலகச் செல்வ ஏற்றத்தாழ்வு குறித்துப் பேசும் அறிக்கைகள் ஆண்டுதோறும் வெளிவருகின்றன. உலக மக்களுள் மேல்தட்டினர் பத்து விழுக்காட்டினரிடம் எவ்வளவு, கீழ்ப்பாதியினரிடம் எவ்வளவு என அவை பட்டியலிடுகின்றன. இப்பட்டியல்களுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வாதப் பிரதிவாதங்கள் உள்ளன. நௌரோஜியின் இருபது ரூபாய்க் கணக்கை நடுவாகக் கொண்டு, செல்வத்தையும் வறுமையையும் அளந்த முறைகள் எவ்வாறு மாறிவந்தன, அம்மாற்றங்களினூடே ‘செல்வராதல்’ என்பதன் பொருள் யாதாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல் காட்டும் செல்வம்

தமிழில் செல்வத்தைக் குறிக்கும் சொற்கள் பல. திரு, பொருள், உடைமை, ஆக்கம், வளம், மாடு, வெறுக்கை என்பன அவற்றுள் சில. இவை ஒருபொருட் பன்மொழிகளாக நிகண்டுகளில் அடுக்கப்பட்டாலும், ஒவ்வொன்றும் செல்வத்தின் ஒவ்வொரு முகத்தைக் காட்டுவதாகும். உடைமை என்பது ஒருவன் தனதாகக் கொண்டிருத்தலைச் சுட்டுகிறது. ஆக்கம் என்பது பெருகுதலைச் சுட்டுகிறது. வளம் நிலத்தையும் நீரையும் நினைவூட்டுகிறது. மாடு என்னும் சொல் கால்நடையையும் செல்வத்தையும் ஒருங்கே குறிப்பது. இலத்தீன் மொழியிலும் பணத்தைக் குறிக்கும் பெக்கூனியா என்னும் சொல் ஆநிரையைக் குறிக்கும் பெக்குஸ் என்னும் சொல்லிலிருந்து பிறந்தது என்பது ஒப்புநோக்கத்தக்கது. ஆநிரையே செல்வமாக இருந்த காலத்தின் நினைவை இருமொழிகளும் சொல்லளவில் காத்துவந்துள்ளன.

திருக்குறளில் பொருள் செயல்வகை, நன்றியில் செல்வம், ஈகை, ஒப்புரவறிதல் எனச் செல்வம் பற்றிய சிந்தனை பல அதிகாரங்களில் பரந்து கிடக்கிறது. நாலடியார் செல்வம் நிலையாமையையே தன் முதல் அதிகாரமாகக் கொண்டுள்ளது. புறநானூற்றின் 189ஆம் பாடல், உலகாளும் வேந்தனுக்கும் காட்டில் திரியும் வேட்டுவனுக்கும் அடிப்படைத் தேவைகள் ஒரே அளவின என்னும் கருத்தை முன்வைத்து, மிகுதியாக உள்ள செல்வத்தின் பயன் பிறர்க்கு ஈதலே என்று நிறுவுகிறது. தேவை என்பதற்கு ஓர் அளவு உண்டு, அவ்வளவு அரசனுக்கும் ஆண்டிக்கும் பொது என்னும் துணிபு இப்பாடலின் அடித்தளமாகும்.

இவற்றைக் கொண்டு பண்டைத் தமிழர் இன்றைய பொருளியலை அன்றே அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. அந்நூல்கள் நாட்டின் மொத்த விளைவைக் கணக்கிடவில்லை. மக்கள் தொகையால் வகுக்கவுமில்லை. எனினும் செல்வம் குறித்து அவை இரண்டு வினாக்களை எழுப்பின. ஈட்டிய பொருள் எவ்வாறு பயன்பட வேண்டும் என்பது ஒன்று. அப்பொருள் எவ்வழியில் ஈட்டப்பட்டது என்பது மற்றொன்று. பின்வந்தோர் முதல் வினாவையே பெரிதும் போற்றினர். வள்ளலைப் பாடும் மரபு வளர்ந்த அளவுக்கு, வள்ளலின் பொருள் வந்த வழியை ஆராயும் மரபு வளரவில்லை. இவ்விரண்டாம் வினா நாடுகளின் அளவில் மீண்டும் எழுந்ததே நௌரோஜியின் கணக்கு எனலாம்.

நவாபின் கடனும் கம்பெனியாரின் செல்வமும்

நௌரோஜிக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, செல்வம் வந்த வழி பற்றிய வினா இங்கிலாந்தின் நாடாளுமன்றத்தில் எழுந்தது. 1757இல் நடைபெற்ற பிளாசிப் போருக்குப்பின் இராபர்ட் கிளைவ் வங்காளத்திலிருந்து பெற்ற பெரும்பொருளும், ஆண்டுக்கு ஏறத்தாழ 27,000 பவுண்டு வருவாய் தரும் ஜாகீரும் அங்கே பலத்த விவாதத்திற்கு உள்ளாயின. இந்தியாவிலிருந்து பொருளீட்டித் திரும்பியோரை ‘நபாப்’ என்று அழைக்கும் வழக்கு ஆங்கிலத்தில் பரவியது. நவாப் என்னும் ஆட்சிப் பட்டம் கடல் கடந்து சென்று, புதுப்பணக்காரனை எள்ளும் சொல்லாகத் திரிந்தமை சொல்வரலாற்றிலும் கருதத்தக்கது.

சென்னையில் இச்செல்வம் கடன் என்னும் வடிவில் திரண்டது. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி கம்பெனியின் ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் உயர்வட்டிக்குக் கடன் பெற்றார். அக்கடன்களுக்கு ஈடாகக் கர்நாடகப் பகுதி மாவட்டங்களின் நிலவரி வருவாய் கடன் கொடுத்தோருக்கு எழுதிக்கொடுக்கப்பட்டது. 1773இல் கம்பெனிப் படையின் துணையுடன் தஞ்சை கைப்பற்றப்பட்டபோது, அதன் விளைச்சலும் இக்கடன்காரர்களின் ஈட்டுப் பொருளாயிற்று. 1776இல் தஞ்சையை அதன் மன்னரிடம் திரும்ப ஒப்படைத்த ஆளுநர் பிகட் பிரபு தம் ஆலோசனைச் சபையினராலேயே சிறைப்படுத்தப்பட்டு, 1777இல் காவலிலேயே இறந்தார். தஞ்சை வருவாயின்மீது உரிமை கோரியோருள் பால் பென்ஃபீல்டு என்பவர் முதன்மையானவர். 1785ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் எட்மண்டு பர்க் ஆற்றிய நாடாளுமன்ற உரை, விசாரணையின்றி இக்கடன்களைத் தீர்க்க முனைந்ததைக் கடுமையாகத் தாக்கியது. 1801இல் கர்நாடகம் கம்பெனி ஆட்சியின்கீழ் வந்தபின் இக்கடன்களை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம், முன்வைக்கப்பட்ட கோரிக்கைகளில் பெரும்பகுதியை ஏற்கவில்லை.

இந்நிகழ்ச்சி செல்வத்தின் இயல்பு ஒன்றை வெளிப்படுத்துகிறது. சேப்பாக்கம் அரண்மனையில் வாழ்ந்த நவாப் கணக்குப்படி கடனாளி. கோட்டையில் எழுத்தராகப் பணியேற்று வந்த கம்பெனி ஊழியர் கணக்குப்படி செல்வர். அவ்வூழியரின் பெட்டியில் இருந்தது பொன்னன்று. தாளில் எழுதப்பட்ட உரிமை. அவ்வுரிமை காவிரிக் கரையில் உழுதவனின் அடுத்த ஆண்டு விளைச்சலின்மீது செல்லுபடியாவது. ஆகவே ஒருவனுடைய செல்வம் என்பது பெரும்பாலும் வேறொருவனுடைய உழைப்பின்மீது அவனுக்குள்ள கோரிக்கையே என்பது இங்குப் புலனாகும்.

ஈகையும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. 1687 முதல் 1692 வரை சென்னை ஆளுநராயிருந்து, முறைகேட்டுப் புகார்களால் பதவியிழந்த எலிஹூ யேல், தனிவணிகத்தில் ஈட்டிய பொருளுடன் இங்கிலாந்து திரும்பினார். 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட் பகுதியில் இருந்த ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பிய துணிப்பொதிகளும் நூல்களும் அக்கல்லூரிக்கு அவர் பெயரையே பெற்றுத்தந்தன. இன்று அது உலகப்புகழ் பெற்ற பல்கலைக்கழகம். கொடுத்தவர் பெயர் நிலைத்தது. பொருள் வந்த வழி பெயரோடு நிலைக்கவில்லை. ஈகையை மட்டும் கொண்டு செல்வத்தை மதிப்பிடும் அளவுகோலின் குறைபாட்டிற்கு இது தக்க சான்றாகும்.

நௌரோஜியின் கணக்கு

நௌரோஜி பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் கணிதப் பேராசிரியராக விளங்கியவர். அவருடைய வாதத்தின் வலிமை உணர்ச்சியில் அன்று, கணக்கிலேயே இருந்தது. 1867இல் இலண்டனில் கிழக்கிந்தியச் சங்கத்தில் படித்த கட்டுரையில், இந்தியாவில் திரட்டப்படும் அரசு வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நாட்டைவிட்டு வெளியேறுகிறது என்று அவர் எடுத்துரைத்தார். 1876இல் அச்சங்கத்தின் பம்பாய்க் கிளையில் இந்தியாவின் வறுமை குறித்துப் படித்த கட்டுரையில் தலா வருமானக் கணக்கை விரிவாக முன்வைத்தார்.

அவர் கையாண்ட முறை எளியது. ஒவ்வொரு மாகாணத்திலும் பயிரிடப்பட்ட பரப்பையும் ஏக்கருக்குரிய விளைவையும் விலையையும் அரசின் நிருவாக அறிக்கைகளிலிருந்தே எடுத்துப் பெருக்கினார். விதைக்காக ஒரு பகுதியைக் கழித்தார். உப்பு, அபினி, நிலக்கரி, கைத்தொழில், கால்நடை முதலியவற்றின் வருவாயைச் சேர்த்தார். விடுபட்டவை இருக்கலாம் என்று கருதி ஒரு தொகையைக் கூடுதலாகவும் வைத்தார். இவ்வாறு கிடைத்த மொத்தம் ஏறத்தாழ 34 கோடி பவுண்டு. அதனைப் பிரிட்டிஷ் இந்தியாவின் 17 கோடி மக்களுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 40 ஷில்லிங், அதாவது 20 ரூபாய். இக்கணக்கு 1867–70 காலப்பகுதிக்கு உரியது.

இம்முயற்சியில் அவர் சுட்டிக்காட்டிய ஒரு பிழை இன்றும் நினைவுகொள்ளத்தக்கது. அதிகாரிகள் பல மாவட்டங்களின் விளைச்சல் விகிதங்களைக் கூட்டி, மாவட்ட எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி கண்டனர். ஒரு மாவட்டத்தில் பயிரிடப்படுவது ஆயிரம் ஏக்கரா, இலட்சம் ஏக்கரா என்று அவர்கள் கருதவில்லை. இதனால் சிறுபரப்பில் விளைந்த மிகுவிளைச்சல் பெரும்பரப்பில் விளைந்த குறைவிளைச்சலை மறைத்துவிட்டது. சராசரி என்பது நடுநிலையான எண்ணன்று, அதனை எடுக்கும் முறையில் ஏழையின் நிலை மறைக்கப்படக்கூடும் என்பதைக் கணித ஆசிரியராகிய அவர் அறிந்திருந்தார்.

இருபது ரூபாய் என்பது மிகுதியா குறைவா என்று எவ்வாறு துணிவது? இவ்வினாவுக்கு நௌரோஜி தேர்ந்த உரைகல் வியப்புக்குரியது. அரசே தன் பொறுப்பில் உணவளிக்கும் இருவகை மனிதரை அவர் எடுத்துக்கொண்டார். ஒருவர் சிறைக்கைதி. மற்றொருவர் கடல் கடந்து செல்லும் ஒப்பந்தக் கூலி. கூலிகள் கப்பலில் உடலுழைப்பின்றி இருக்கும் காலத்தில் நலத்துடன் வாழத் தேவையான உணவின் அளவை, குடியேற்றத்திற்கான அரசு மருத்துவ ஆய்வாளர் 1870இல் வகுத்திருந்தார். அவ்வுணவின் விலையையும் சிறைகளில் கைதியின் உணவு, உடைக்கு ஆன செலவையும் தலா வருமானத்தோடு ஒப்பிட்டபோது, நல்ல பருவத்திலும் உழைக்கும் மக்களுக்குச் சிறைக்கைதியின் உணவுக்குப் போதிய விளைவும் அரிது என்னும் முடிவு கிடைத்தது. பஞ்சாப் மாகாணம் குறித்துப் பின்னர் அவர் செய்த தனிக்கணக்கில், வேளாண் தொழிலாளி ஒருவரின் இன்றியமையாத் தேவைகளுக்கு ஆண்டுக்கு 34 ரூபாய் வேண்டும் என்றும், விளைவு தலைக்கு ஏறத்தாழ 20 ரூபாயே என்றும் காட்டினார்.

இவ்வொப்பீட்டில் அவர் சேர்க்காமல் விட்டவற்றையும் அவரே குறிப்பிட்டுள்ளார். சமூகக் கடமைகள், சமயச் சடங்குகள், மகிழ்ச்சிக்கும் துக்கத்திற்கும் உரிய செலவுகள், பருவம் பொய்க்கும் ஆண்டுக்கான சேமிப்பு ஆகிய எவையும் அக்கணக்கில் இல்லை. மேலும், செல்வரும் இடைநிலையினரும் சராசரியைவிட மிகுதியாகப் பெறுவதால் ஏழைக்கு அந்த 20 ரூபாயும் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். நாடுகளுக்கிடையிலான ஏற்றத்தாழ்வு, நாட்டுக்குள்ளான ஏற்றத்தாழ்வு என்னும் இரண்டும் இவ்வாறு ஒரே கணக்கில் இடம்பெற்றுவிட்டன.

பஞ்சத்தில் அளக்கப்பட்ட உணவு

நௌரோஜி கட்டுரை படித்த அதே ஆண்டில் தென்னிந்தியாவில் பருவமழை பொய்த்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தில் பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிகளில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. 1877ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் விக்டோரியா அரசியாரை இந்தியப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் தில்லியில் பெரும் ஆடம்பரத்துடன் நடைபெற்றது. அம்மாதத்திலேயே பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்துமாறு சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார்.

நிவாரணப் பணியில் ஈடுபடும் ஆடவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று டெம்பிள் வரையறுத்தார். ‘டெம்பிள் கூலி’ என்று வரலாற்றில் வழங்கப்படும் இவ்வளவைச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்தார். கடும் உடலுழைப்பு செய்வோர்க்கு இவ்வுணவு போதாது, பருப்பு முதலிய சத்துணவும் வேண்டும் என்பது அவர் வாதம். 1877 மே மாதத்தில் அளவு உயர்த்தப்பட்டது. இவ்விடைப்பட்ட மாதங்களில் முகாம்களில் நேர்ந்த இறப்புகள், தேவை என்பதற்கு இடும் எண் உயிருக்கே இடும் எல்லை என்பதைக் காட்டின. தானியம் நாட்டில் அறவே இல்லாமற் போகவில்லை, ஏற்றுமதியும் நிறுத்தப்படவில்லை. அதனைப் பெறும் உரிமையே மக்களிடம் இல்லை. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் முதலியவற்றை ஆராய்ந்து 1981இல் அமர்த்தியா சென் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூல் கோட்பாடாக வகுத்துரைத்ததும் இதனையே.

அப்பஞ்சத்தின்போது சென்னையில் இதழாசிரியராகவும் நிவாரணக் குழுவின் செயலராகவும் பணியாற்றியவர் வில்லியம் டிக்பி. கால் நூற்றாண்டு கழித்து 1901இல் அவர் வெளியிட்ட பெருநூல், இந்தியரின் தலா வருமானம் நௌரோஜி கண்ட 20 ரூபாயையும் எட்டவில்லை என்று வாதிட்டது. நௌரோஜியின் கட்டுரைகளின் பெருந்தொகுப்பு வெளிவந்ததும் அதே ஆண்டில்தான்.

எதிர்க்கணக்குகள்

நௌரோஜியின் எண் மறுக்கப்படாமல் இல்லை. 1882இல் பேரிங், பார்பர் ஆகிய அதிகாரிகள் தலா வருமானம் 27 ரூபாய் என்றனர். 1901இல் கர்சன் பிரபு அது 30 ரூபாயாக உயர்ந்துள்ளது என்று அறிவித்தார். இந்தியர் வறுமையுறவில்லை, மெல்ல வளம்பெற்று வருகின்றனர் என்பது இக்கணக்குகளின் உட்கருத்து.

சென்னை மாகாணத்தில் இத்தரப்பின் மிகவிரிவான ஆவணத்தை உருவாக்கியவர் ஒரு தமிழ்நாட்டு அதிகாரியே. பதிவுத்துறைத் தலைவராயிருந்த எஸ். சீனிவாச ராகவையங்கார், பிரிட்டிஷ் ஆட்சியில் நாற்பது ஆண்டுகளில் மாகாணம் கண்ட முன்னேற்றம் குறித்து 1890களின் தொடக்கத்தில் வெளியிட்ட அறிக்கை அது. அவர் ஓராண்டின் தலா வருமானத்தைவிடக் காலப்போக்கில் நேர்ந்த மாற்றத்திற்கே சிறப்பிடம் தந்தார். பழைய ஆட்சிகளின் நிலவரிச் சுமை, விலைவாசி, பாசனம், வாணிகம் ஆகியவற்றை ஒப்பிட்டு, மக்கள் நிலை முன்னைவிட மேம்பட்டுள்ளது என்னும் முடிவுக்கு வந்தார். இதனை அரசுக்கு உவப்பானது என்பதற்காகவே ஒதுக்குதல் நடுநிலையாகாது. திரட்டிய செய்திகளின் பரப்பால் இன்றும் ஆய்வாளர்க்குப் பயன்படுவது அந்நூல். ஆயினும் நேற்றைவிட இன்று மேலா என்பது அவர் வினா. இன்று இருப்பது வாழப்போதுமா, எஞ்சியது எங்கே செல்கிறது என்பன நௌரோஜியின் வினாக்கள். முன்னதற்கு ‘ஆம்’ என்பது பின்னவற்றிற்கு விடையாகாது.

எஞ்சியது சென்ற வழி கணக்கேட்டில் தெளிவாகவே இருந்தது. இலண்டனில் இருந்த இந்திய அமைச்சகத்தின் செலவு, ஓய்வூதியம், கடன் வட்டி, இரயில் நிறுவனங்களுக்கு உறுதியளிக்கப்பட்ட வட்டி ஆகியன ‘உள்நாட்டுச் செலவுகள்’ என்னும் பெயரில் ஆண்டுதோறும் இங்கிலாந்தில் செலுத்தப்பட்டன. இங்கே உள்நாடு என்றது இங்கிலாந்தை. ஏற்றுமதியால் இந்தியா ஈட்டிய உபரியே இதனை ஈடுசெய்தது. ஆர்க்காட்டுக் கடனில் ஒரு நவாபுக்கும் சில ஊழியர்க்கும் இடையே இருந்த உறவு, இப்பொழுது இரு நாடுகளுக்கிடையிலான நிலையான உறவாகிவிட்டது.

1895இல் அமைக்கப்பட்ட வெல்பி ஆணையத்தில் நௌரோஜி உறுப்பினராக இருந்ததுடன் சாட்சியமும் அளித்தார். 1897இல் அவ்வாணையத்தின்முன் சாட்சியமளித்த இந்தியருள் சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயரும் ஒருவர். 1882இல் சுதேசமித்திரனைத் தொடங்கி, 1899இல் அதனை நாளிதழாக்கிய அவர், 1903இல் பிரிட்டிஷ் ஆட்சியின் பொருளியல் கூறுகள் குறித்து ஆங்கிலத்தில் நூலொன்றும் வெளியிட்டார். மறுவருடம் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தவர் பாரதியார். நாட்டின் செல்வம் என்னும் பேச்சு தமிழ் உரைநடையில் அரசியற் பேச்சாக வேரூன்றியதில் இவ்விதழுக்குப் பெரும்பங்கு உண்டு.

மூன்று அணாவும் பதினைந்து அணாவும்

விடுதலைக்குப்பின் ‘எஞ்சியது எங்கே செல்கிறது’ என்னும் வினாவை அயலாட்சியை நோக்கிக் கேட்க இயலவில்லை. அது நாட்டுக்குள்ளேயே திரும்பியது. 1962இல் திட்டக்குழு சார்பில் அமைந்த ஒரு பணிக்குழு, 1960–61ஆம் ஆண்டு விலையில் தலைக்கு மாதம் 20 ரூபாயைக் குறைந்தபட்ச வாழ்க்கைத் தேவையாக வரையறுத்தது. கல்வியும் மருத்துவமும் அரசின் பொறுப்பு எனக்கொண்டு அத்தொகையில் அவை சேர்க்கப்படவில்லை. நௌரோஜியின் எண்ணே மீண்டும் வந்தது தற்செயல். எனினும் அன்று அது நாட்டின் ஆண்டுச் சராசரி. 1962இல் அது ஏழையின் மாத எல்லை.

1963இல் மக்களவையில் ராம் மனோகர் லோகியா எழுப்பிய விவாதம் இவ்வரலாற்றின் முக்கியக் கட்டமாகும். நாட்டு மக்களுள் 27 கோடிப் பேர், அதாவது ஏறத்தாழ அறுபது விழுக்காட்டினர், நாளொன்றுக்கு மூன்று அணாவில் வாழ்கின்றனர் என்றார் அவர். பிரதமருக்காக நாளொன்றுக்கு 25,000 ரூபாய் செலவாகிறது என்றும் குற்றஞ்சாட்டினார். பிரதமர் நேரு அது மூன்று அணா அன்று, பதினைந்து அணா என மறுத்தார். திட்டக்குழுத் தரப்பு பின்னர் ஏழரை அணா என்றது.

மூன்று எண்களும் வெவ்வேறு வினாக்களுக்கு உரிய விடைகள். பதினைந்து அணா என்பது நாட்டின் மொத்த வருமானத்தை மக்கள் அனைவர்க்கும் சமமாகப் பகிர்ந்தால் கிடைப்பது. அதில் ஆலை முதலாளியும் ஆலைத் தொழிலாளியும் ஒன்றாகக் கலந்துள்ளனர். மற்றவை அடித்தட்டு அறுபது விழுக்காட்டினரை மட்டும் பிரித்தெடுத்துக் கண்டவை. லோகியாவின் எண் மிகக் குறைவாக இருக்கலாம். ஆனால் சராசரியைக் கொண்டு ஏழையைப் பற்றிப் பேசலாகாது என்னும் அவர் நிலைப்பாடு, நௌரோஜி அதிகாரிகளின் சராசரியில் கண்ட பிழையின் மறுபதிப்பே ஆகும். வருமானப் பகிர்வை ஆராய 1960இல் அமைக்கப்பட்ட மகலனோபிஸ் குழு 1964இல் அறிக்கை அளித்தது. தாண்டேகர், ராத் ஆகியோரின் 1971ஆம் ஆண்டு ஆய்வு நாளொன்றுக்கு 2,250 கலோரி என்னும் உணவளவை வறுமைக்கோட்டிற்கு அடிப்படையாகக் கொண்டது. சிறைக்கைதியின் உணவில் தொடங்கிய அளவுகோல் இவ்வாறு கலோரியாக மாறியது.

உலகக் கணக்கு

உலக வங்கி 1990இல் நாளொன்றுக்கு ஒரு டாலர் என்னும் பன்னாட்டு வறுமைக்கோட்டைப் பரவலாக்கியது. விலை ஒப்பீடுகள் திருத்தப்படுந்தோறும் அது உயர்த்தப்பட்டு, 2025இல் 3 டாலராக வரையறுக்கப்பட்டது. வறுமைக்கு உலகளாவிய அளவு ஏற்பட்ட பின்னரும், செல்வத்திற்கு அத்தகைய கணக்கு நெடுங்காலம் இல்லை. 2006இல் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் வைடர் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு இக்குறையைப் போக்க முயன்றது. 2000ஆம் ஆண்டு நிலவரப்படி உலகின் வயதுவந்தோருள் ஒரு விழுக்காட்டினர் குடும்பச் செல்வத்தில் 40 விழுக்காட்டைக் கொண்டிருந்தனர். கீழ்ப்பாதியினர் அனைவரிடமும் இருந்தது ஏறத்தாழ ஒரு விழுக்காடே. உலக ஏற்றத்தாழ்வு அறிக்கை 2022இன்படி மேல்தட்டுப் பத்து விழுக்காட்டினரிடம் 76 விழுக்காடும் கீழ்ப்பாதியினரிடம் 2 விழுக்காடும் செல்வம் இருந்தன. ஆய்வுமுறைகள் வேறாதலின் இவ்விரு கணக்குகளையும் நேர்நேராக ஒப்பிடுதல் கூடாது. எனினும் இரண்டும் காட்டும் உருவம் ஒன்றே.

2006ஆம் ஆண்டு ஆய்வு மற்றொரு செய்தியையும் தந்தது. 2,200 டாலர் மதிப்புள்ள உடைமை இருந்தாலே ஒருவர் உலகின் செல்வமிக்க பாதியில் இடம்பெற்றுவிடுவார். தம்மை நடுத்தர வகுப்பினராகக் கருதும் பலரும் இக்கணக்கின்படி உலகச் செல்வருள் அடங்குவர். தம்மைவிட மேலுள்ளோரை நோக்கியே மனிதர் தம் நிலையை அளப்பதால் இவ்வுண்மை எளிதில் புலப்படுவதில்லை.

ஆயின் இக்கணக்கிற்கும் எல்லை உண்டு. இங்குச் செல்வம் என்பது உடைமையின் மதிப்பிலிருந்து கடனைக் கழித்து எஞ்சுவது. கல்விக்கடன் பெற்ற பணக்கார நாட்டு இளைஞர் ஒருவரின் செல்வம் எதிர்மறை எண்ணாகலாம்; இரண்டு மாடுகளும் அரை ஏக்கர் நிலமும் உடைய இந்திய உழவர் அவரினும் செல்வர் எனப் பட்டியலில் நிற்கலாம். ஆனால் நோயுற்றால் மருத்துவமும் மக்களுக்குக் கல்வியும் யாருக்கு எளிதில் கிட்டும் என்பதை அப்பட்டியல் கூறுவதில்லை. ஆர்க்காட்டு நவாபின் முரண்பாடே வேறு வடிவில் இங்கும் தோன்றுகிறது. இக்குறையை உணர்ந்தே மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் முதலியோரின் முயற்சியால் 1990இல் வெளிவந்த மனித வளர்ச்சிக் குறியீடு, வருமானத்துடன் ஆயுளையும் கல்வியையும் சேர்த்து அளந்தது. ஒருவர் கொண்டிருப்பது எவ்வளவு என்பதோடு, அவரால் எவ்வாறு வாழ இயல்கிறது என்பதும் அளவாயிற்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படும் கருத்துகள் சில. முதலாவது, செல்வம் தனித்து நிற்கும் பொருளன்று. அது மனிதர்க்கிடையிலான உறவு. ஒருவரின் ஏட்டில் வரவாக இருப்பது வேறொருவரின் ஏட்டில் கடனாகவோ வரியாகவோ கூலிக்குறைவாகவோ இருக்கிறது. இரண்டாவது, அளவுகோலைத் தேர்வதே வழக்கின் பாதியைத் தீர்மானித்துவிடுகிறது. சராசரியா, அடித்தட்டா, வருமானமா, உடைமையா, நேற்றா, தேவையா என்பதற்கேற்ப விடை மாறும். 1877இன் நிவாரண முகாம்களில் இத்தேர்வு வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்டதாக இருந்தது. மூன்றாவது, செல்வரின் கொடையால் மட்டும் செல்வத்தை மதிப்பிடும் மரபு, அது வந்த வழியைக் கேளாது விட்டால் முழுமையடையாது.

நௌரோஜி தம் கணக்கில் சேர்க்காமல் விட்டவையே செல்வராதலின் பொருளை உணர்த்துகின்றன எனலாம். திருமணத்திற்கும் இழவுக்கும் செலவிட இயலுதல், விருந்தினர்க்கு உணவிடுதல், மழை பொய்த்த ஆண்டிலும் அஞ்சாதிருத்தல் ஆகியன அவை. கைதிக்கும் கூலிக்கும் அளந்தளித்த உணவுக்கு மேல் மனித வாழ்வு தொடங்கும் எல்லை அதுவே. அவ்வெல்லையைக் கடந்தோர் உலகில் எத்தனை பேர், கடவாதோரின் பங்கு எங்கே சென்றது என்னும் வினாக்கள் இன்னும் முடிந்துவிடவில்லை. தமிழில் பொருள் என்னும் சொல் செல்வத்தையும் சொல்லின் கருத்தையும் ஒருங்கே குறிக்கிறது. செல்வத்தின் அளவைக் கணக்கிடுவோர் அதன் பொருளையும் உடன் ஆராய வேண்டும் என்பதற்கு அச்சொல்லே போதிய நினைவூட்டலாகும்.